பூட்டியிருந்த ஒரு கதவு: டிரையாங்கிள் ஆலைத் தீ விபத்து, நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரம், மன்ஹாட்டன். 1911 மார்ச் 25, சனிக்கிழமை. வேலை முடியும் நேரம். ஆஷ் கட்டடத்தின் 8, 9, 10ஆம் தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் ஆலையில் மாலை 4.40 மணியளவில் தீப்பிடித்தது. அரை மணி நேரத்துக்குள் தீ அடங்கிவிட்டது. அதற்குள் 146 பேர் இறந்துபோனார்கள். 123 பேர் பெண்கள், 23 பேர் ஆண்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களைச் சேர்ந்த இளவயதினர். 14 வயதுப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள்.

மக்கள் சமூகக் கோரிக்கை எழுப்பினால் அமைதி கெடும், தொழில் படுத்துவிடும், நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. கோரிக்கை, மறுப்பு, சாவு, சட்டம் எல்லாமே ஒரே நகரத்தில், நான்கைந்து ஆண்டுகளுக்குள் நடந்தன. ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கிறது. எந்த இடத்தில் என்ன தவறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

கேட்டார்கள்

டிரையாங்கிள் ஆலை பெண்கள் அணியும் மேல்சட்டை தைத்தது. அந்தக் காலத்தில் அலுவலகத்துக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போன பெண்கள் விரும்பி அணிந்த உடை அது. நகரம் முழுக்க இந்தத் தொழிலில் பல்லாயிரம் பெண்கள் இருந்தார்கள். டிரையாங்கிளில் மட்டும் சுமார் 500 பேர். வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் உழைப்பு, வேலை மும்முரமான மாதங்களில் அதற்கும் மேல். உரிமையாளர்கள் மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் இந்தத் தொழிலின் பெரிய கைகள்.

1909 செப்டம்பரில் தொழிற்சங்கத்தில் சேர முயன்றவர்களை டிரையாங்கிள் வெளியே தள்ளியது. நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில் தையல் தொழிலாளர்கள் கூடினார்கள். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிதானம் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் எழுந்து மேடையேறினார். பொத்தாம்பொதுவான பேச்சைக் கேட்டுச் சலித்துவிட்டது, உடனே பொது வேலைநிறுத்தம் தொடங்க வேண்டும் என்று, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் சொன்னார். கூட்டம் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டது. அடுத்த நாட்களில் 20,000க்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு அப்போது ஓட்டுரிமைகூடக் கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1917இல்தான்.

அரசு அப்போது யாருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆலை வாசலில் மறியல் செய்த பெண்களை அடியாட்கள் அடித்தார்கள். காவல்துறை கைது செய்தது அடித்தவர்களை அல்ல, அடிபட்டவர்களை. முதல் சில வாரங்களிலேயே நூற்றுக்கணக்கான கைதுகள். வழக்கு விசாரித்த ஒரு நீதிபதி, நீங்கள் கடவுளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்கிறீர்கள் என்று அந்தப் பெண்களிடம் சொன்னார். பொது அமைதியைக் காப்பது என்றால் ஆலை வாசலைக் காலியாக வைத்திருப்பதுதான் என்று அன்றைய நகர நிர்வாகம் நினைத்தது. ஆலைக்கு உள்ளே இருந்த ஆபத்தை அமைதிக்குக் கேடாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1910 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிந்தது. 300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் கூலியைக் கொஞ்சம் உயர்த்தியது, நேரத்தைக் கொஞ்சம் குறைத்தது. சங்கத்தை மட்டும் அங்கீகரிக்கவில்லை. கதவுகளைப் பூட்டக்கூடாது, தீயிலிருந்து தப்பும் வழிகளைச் சீர்செய்ய வேண்டும் என்ற கோரிக்கைகளும் அப்படியே நின்றுவிட்டன.

இந்தப் பாதி வெற்றியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூலி உயர்வு வாரா வாரம் கையில் தெரியும். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். திறந்திருக்கும் கதவு அப்படித் தெரியாது. தீப்பிடிக்காத வரைக்கும் அதன் மதிப்பு பூஜ்யம் போலவே இருக்கும். அதனால் பேரம் பேசும் மேசையில் முதலில் விழுவது பாதுகாப்புக் கோரிக்கைதான். சங்கம் இருந்திருந்தால் தினமும் போய் “அந்தக் கதவு இன்னும் பூட்டியிருக்கிறதே” என்று கேட்க ஒரு ஆள் இருந்திருப்பார். வேலை போகும் என்ற பயமில்லாமல் கேட்க முடிகிற ஒரு ஆள். ஆலை மறுத்தது அந்த ஆளைத்தான்.

சட்டப்படி ஏறக்குறைய எல்லாம் சரி

ஆஷ் கட்டடம் 1901இல் கட்டி முடிந்தது. தீயால் அழியாத கட்டடம் என்று பெயர். அது பொய்யும் இல்லை: விபத்துக்குப் பிறகும் நின்றது, இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகள் அதில்தான் நடக்கின்றன. எரிந்தது உள்ளே இருந்ததுதான்.

இவ்வளவு பரப்புள்ள கட்டடத்துக்கு மூன்று படிக்கட்டு வேண்டும் என்றது விதி. இருந்தவை இரண்டு. பின்புறம் தொங்கிய இரும்பு ஏணிப்படியை மூன்றாவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னார் கட்டட வடிவமைப்பாளர், அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். உயரம் 150 அடியைத் தாண்டினால் மரத் தரை, மரச் சட்டம் கூடாது. கட்டடத்தின் உயரம் 135 அடி, ஆகவே மரம் போட்டார்கள். கதவுகள் ‘இயன்றவரை’ வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றது இன்னொரு விதி. படிக்கட்டின் முதல் படி கதவை ஒட்டியே இருந்ததால் வெளிப்பக்கம் திறக்க இடமில்லை, இயலவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் தெளிப்பான் வைக்கச் சட்டம் சொல்லவில்லை, வைக்கவில்லை. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது என்று மட்டும் சட்டம் தெளிவாகவே சொன்னது. அதை யாரும் தினமும் வந்து பார்ப்பதில்லை.

எச்சரிக்கையும் வராமல் இல்லை. 1910 நவம்பரில் பக்கத்து நெவார்க் நகரில் ஓர் ஆலை எரிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். நியூயார்க்கிலும் எந்த நேரமும் இது நடக்கலாம் என்று அப்போதே சொன்னார் நகரத் தீயணைப்புத் துறைத் தலைவர் எட்வர்ட் குரோக்கர். நான்கே மாதங்கள்.

அந்த நேரம்

எட்டாம் தளத்தில் வெட்டும் மேசைக்கு அடியில் சேர்ந்திருந்த துணித் துண்டுகளில் தீ பற்றியது. அங்கிருந்து பத்தாம் தளத்துக்குத் தொலைபேசியில் தகவல் போனது. உரிமையாளர்கள் இருந்தது பத்தாம் தளத்தில். அங்கிருந்தவர்கள் மொட்டைமாடிக்கு ஏறி, பக்கத்துக் கட்டடத்திலிருந்த சட்ட மாணவர்கள் இறக்கிய ஏணிகள் வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாம் தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. தீயே வந்து சொன்னது.

ஒன்பதாம் தளத்தில் கிரீன் தெருப் பக்கப் படிக்கட்டைத் தீ அடைத்துக்கொண்டது. வாஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவு பூட்டியிருந்தது. இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. ஜோசப் ஸிட்டோவும் அவருடன் வேலை பார்த்த இன்னொரு லிஃப்ட் இயக்குநரும் புகைக்குள் திரும்பத் திரும்ப மேலே போய் ஆட்களை இறக்கினார்கள், இனி முடியாது என்ற கட்டம் வரை. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் தளம் வரைதான் எட்டியது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள் அல்லது விழுந்தார்கள். கீழே நின்று பார்த்த கூட்டத்தில் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற 30 வயதுப் பெண் இருந்தார். பக்கத்து வீட்டில் தேநீர் விருந்துக்கு வந்தவர், சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தார்.

எதைக் காக்கப் பூட்டினார்கள்

கதவை ஏன் பூட்டினார்கள்? திருட்டைத் தடுக்க. வேலை முடிந்து போகும்போது எல்லோரும் ஒரே வழியாகப் போக வேண்டும், வாசலில் கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும். ஆக அந்தப் பூட்டும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான், துணிக்கான பாதுகாப்பு. நீதிமன்றத்தில் ஹாரிஸ் சொன்ன கணக்குப்படி, பிடிபட்ட திருட்டுகளின் மொத்த மதிப்பு 25 டாலரைத் தாண்டாது.

உரிமையாளர்கள் இருவர் மீதும், உயிரிழப்புக்குக் காரணமானார்கள் என்ற, கொலைக்குற்றத்தைவிடக் குறைந்த குற்றச்சாட்டில் வழக்கு நடந்தது. அந்தக் கதவு அந்த நேரத்தில் பூட்டியிருந்தது உரிமையாளர்களுக்குத் தெரியும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாக வேண்டும் என்றார் நீதிபதி. 1911 டிசம்பர் 27 அன்று ஜூரி இருவரையும் விடுவித்தது. 1914இல் சிவில் வழக்குத் தொடர்ந்த குடும்பங்களுக்கு உயிர் ஒன்றுக்கு 75 டாலர் என்று சமரசம் ஆனது. உரிமையாளர்களுக்குக் காப்பீட்டிலிருந்து கிடைத்த தொகையோ அவர்கள் நிரூபித்த நஷ்டத்தைவிடச் சுமார் 60,000 டாலர் அதிகம். 1913இல் பிளாங்க் இன்னோர் ஆலையிலும் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு தேதி உண்டு. விபத்துக்கு முந்தைய நாள், மார்ச் 24 அன்று, நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. 1910இல் வந்த அந்தச் சட்டம், ஆபத்தான சில தொழில்களில் யார் தவறு என்று பார்க்காமல் காயத்துக்கு இழப்பீடு தரச் சொன்னது. தவறே செய்யாத முதலாளியின் சொத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்றது நீதிமன்றம். டிரையாங்கிள் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் நேரடியாக உதவியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, தையல் ஆலைகள் அதன் வரம்புக்குள் இல்லை. ஆனால் அன்றைய சட்ட மனம் எதைக் காத்தது என்பதை இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரிந்துகொள்ளலாம். பிறகு 1913இல் மாநில அரசியலமைப்பையே திருத்தி, புதிய இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இரக்கம் போதவில்லை

ஏப்ரல் 2 அன்று மெட்ரோபாலிடன் ஆப்பரா ஹவுஸில் இரங்கல் கூட்டம் நடந்தது. வசதியானவர்கள் நிறைந்த அரங்கம். தீர்மானங்கள், நிதி உதவி, நல்லெண்ணப் பேச்சு. மேடைக்கு வந்த தொழிற்சங்கக்காரர் ரோஸ் ஷ்னைடர்மன், இங்கே வந்து நட்புறவு பேசினால் எரிந்துபோன அந்த உடல்களுக்கு நான் துரோகியாவேன் என்றார். பொதுமக்களாகிய உங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டோம், நீங்கள் தேறவில்லை என்றார். மிகத் தாழ்ந்த குரலில் பேசினார் என்று பதிவுகள் சொல்கின்றன. மூன்று நாள் கழித்து, கொட்டும் மழையில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர்வலம் போனார்கள்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. நெவார்க் விபத்துக்கும் மக்கள் இரங்கினார்கள், ஒன்றும் மாறவில்லை. இந்த முறை ஏன் மாறியது? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன, மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. 1909 வேலைநிறுத்தத்தால் ஏற்கெனவே ஒரு அமைப்பு இருந்தது, என்ன கேட்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் ஓட்டு. அந்தப் பெண்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் அவர்களின் அப்பாக்களும் அண்ணன் தம்பிகளும் ஓட்டுப் போட்டார்கள். அதுவரை அந்தக் குடியிருப்புகளைத் தன் கோட்டையாக வைத்திருந்த டாமனி ஹால் என்ற, ஜனநாயகக் கட்சியின் நகர அமைப்பு, சோஷலிஸ்டுகள் பக்கம் மக்கள் சாய்வதைப் பார்த்துப் பயந்தது. மூன்றாவது, விசாரணை நடத்தியவர்கள் மேசையைவிட்டு எழுந்து போனார்கள்.

1911 ஜூனில் மாநிலத் தொழிற்சாலை விசாரணை ஆணையம் அமைந்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித், இருவருமே டாமனி ஆட்கள். முதல் ஆண்டில் 1,800க்கும் மேற்பட்ட தொழிற்கூடங்களைப் பார்வையிட்டார்கள், 200க்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கினார்கள். தெருவில் நின்று பார்த்த பெர்கின்ஸ் இப்போது அந்த ஆணையத்துக்காக வேலை செய்தார். அவருக்கு ஒரு வழிமுறை இருந்தது: அரசியல்வாதிகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது. பத்து மணி நேர இரவு வேலை முடிந்து கயிற்று ஆலையிலிருந்து பெண்கள் வெளியே வருவதைப் பார்க்க ஸ்மித்தை விடியற்காலையில் கூட்டிப்போனார். ‘தீத் தப்பு வழி’ என்று எழுதியிருந்த ஒரு சுவர் ஓட்டை வழியாக வாக்னரையே தவழ்ந்து போக வைத்தார். அதற்கு அப்பால் பனிக்கட்டி படிந்த செங்குத்தான இரும்பு ஏணி, அது தரைக்குப் பல அடி மேலேயே முடிந்துவிட்டது. பெர்கின்ஸே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். அறிக்கையில் நூறு பக்கம் படித்தாலும் வராத புரிதல் அந்த ஓட்டையில் வந்திருக்கும்.

1915 வரை வேலை செய்த இந்த ஆணையத்தின் பரிந்துரையால் 30க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. பூட்டாத, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், தீப்பயிற்சி, உயரமான ஆலைகளில் தண்ணீர் தெளிப்பான், குழந்தைத் தொழிலுக்குக் கட்டுப்பாடு, பெண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு. 1913இல் தொழிலாளர் துறையே மாற்றியமைக்கப்பட்டது, ஆய்வாளர்கள் எண்ணிக்கை கூடியது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கதவைப் பூட்டக்கூடாது என்ற சட்டம் முன்பும் இருந்தது. வந்து இழுத்துப் பார்க்க ஆள்தான் இல்லை.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. இந்தச் சட்டங்கள் தொழிலையே மாநிலத்தைவிட்டுத் துரத்திவிடும் என்றார்கள் ஆலை, கட்டட உரிமையாளர்கள். பழங்களையும் காய்களையும் டப்பாவில் அடைக்கும் ஆலைக்காரர்கள் வார விடுமுறையிலிருந்து தங்களுக்கு விலக்கு கேட்டார்கள். ஓய்வுநாளைப் புனிதமாகக் கடைப்பிடி என்ற கட்டளையைப் படித்துப் பார்த்தேன், டப்பா ஆலைகள் நீங்கலாக என்று அதில் எங்கேயும் இல்லையே என்று சட்டமன்றத்தில் பதில் சொன்னார் ஸ்மித். தொழில் ஓடிப்போகவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் ஆடைத் தொழிலுக்குத் தலைநகராக நியூயார்க்தான் இருந்தது.

கதவிலிருந்து ஓய்வூதியம் வரை

ஸ்மித் பிறகு மாநில ஆளுநரானார், வாக்னர் அமெரிக்க செனட்டுக்குப் போனார். பெர்கின்ஸ் 1933இல் தொழிலாளர் துறை அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்திலிருந்த காலம். 1934இல் அமைந்த பொருளாதாரப் பாதுகாப்புக் குழுவுக்கு அவரே தலைவர். 1935 ஆகஸ்ட் 14 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது: முதியோர் ஓய்வூதியம், வேலை இழந்தவர்களுக்குக் காப்பீடு, ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவி. தொழிற்சங்கத்தில் சேரும் உரிமைக்கான சட்டம் அதே ஆண்டு ஜூலையில் வந்தது, வாக்னர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். டிரையாங்கிள் வாசலில் 1909இல் கேட்டதும் அதுதானே. மூன்று ஆண்டு கழித்து, 1938இல், குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட் என்று நாடு முழுக்க நிர்ணயமானது.

தீயிலிருந்து தப்பும் உரிமையும் முதுமையில் பட்டினி கிடக்காத உரிமையும் வேறு வேறு துறைகள் போலத் தோன்றும். களத்தில் அவை பிரிந்து இருப்பதில்லை. வேலை போனால் சோறு இல்லை என்ற நிலையில் இருப்பவர் பூட்டிய கதவைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டார். வாழ்வாதாரம் உறுதியாக இருப்பவர்தான் ஆபத்தைச் சுட்டிக்காட்டுவார். அதனால் வேலையில்லாக் காப்பீடு என்பதைத் தீயணைப்புக் கருவிகளின் பட்டியலிலும் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த முன்னேற்றத்தில் பெரிய ஓட்டையும் இருந்தது. 1935 சட்டத்தின் ஓய்வூதியமும் வேலையில்லாக் காப்பீடும் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் கிடையாது. கறுப்பின உழைப்பாளர்களில் பெரும் பங்கினர் செய்த வேலைகள் இவைதான். இந்த வேலைகளில் அதற்கான வரியை வசூலிப்பது நிர்வாகத்துக்குச் சிரமம் என்பது சொல்லப்பட்ட காரணம். தென் மாநில அரசியல்வாதிகளின் செல்வாக்கும் இதற்குக் காரணம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எப்படிப் பார்த்தாலும், நியூயார்க் தையல்காரர்களுக்கு இருந்தது போன்ற வலுவான அமைப்பு அவர்களுக்கு இல்லை. வெள்ளை முதலாளிகளின் வயல்களிலும் வீடுகளிலும் சிதறி வேலை செய்தவர்கள், தெற்கில் பெரும்பாலோருக்கு ஓட்டுப் போடவும் வழியில்லை. 1950இலும் 1954இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகே அவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் முதுமையடைந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

டாக்காவில்

வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்குப் பக்கத்தில் சவாரில் இருந்த ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடை ஆலைத் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள், சம்பளத்தைப் பிடித்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். அவர்களும் விரிசலைப் பார்த்தார்கள், பயந்தார்கள், போக மாட்டோம் என்று சொல்லியும் பார்த்தார்கள். அவர்களுக்காகப் பேசச் சங்கம் இல்லை.

அடுத்த மாதமே வந்த பாதுகாப்பு உடன்படிக்கையை நான் முக்கியமாகப் பார்ப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. 200க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் ஒரு பக்கம், தொழிற்சங்கங்கள் மறுபக்கம், சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். சுயேச்சையான பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்தார்கள், முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாயின. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது. இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்று தொழிற்சங்கங்கள் 2016இல் ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போயின. இரண்டு வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன. அவற்றில் ஒன்றில், ஆலைகளைச் சீர்செய்வதற்கும் தொழிலாளர் நலத்துக்குமாக 23 லட்சம் டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.